ஆப்பில் 20 செ.மீ., வாசலில் சேறு

கேள்வி: வானிலை ஆப்பில் 20 செ.மீ. பனி என்று போட்டிருந்ததால் மகளின் பிறந்தநாள் விருந்தையே தள்ளிவைத்தோம். வந்ததோ மழையும் சேறும். மார்க்கத்தில் இருக்கும் அண்ணன் வீட்டிலோ கணுக்கால் புதையும் பனி! எதை நம்புவது?
- வாசகி, ஸ்காபரோ, டொரொன்டோ

பதில்: உங்களை ஏமாற்றியது ஆப் இல்லை, ஓரிரு டிகிரிதான். தரைக்கு அருகே காற்று 0 டிகிரிக்கு மேல் கொஞ்சம் ஏறினாலே பனி உருகி மழையாகிவிடும். குளிர்காலத் தொடக்கத்தில் ஒன்டாரியோ ஏரி இன்னும் சூட்டோடு இருக்கும், காற்று அதன் மேல் தவழ்ந்து வந்தால் கரையோரம் உங்களுக்கு மழை, வடக்கே தள்ளியிருக்கும் அண்ணனுக்குப் பனி. அப்புறம், ஆப் சொல்லும் செ.மீ. எண்ணும் தோராயம்தான்: 1 மி.மீ. தண்ணீர் சுமார் 1 செ.மீ. பனியாகும் என்பது பொதுக்கணக்கு. நல்ல குளிரில் அதே தண்ணீர் பஞ்சு மாதிரி 2 செ.மீ. வரை நிற்கும்.

அதனால் நாலு நாள் முன்னாடி வரும் எண்ணைப் பார்த்து எதையும் ரத்து செய்யாதீர்கள். முந்தின நாள் பாருங்கள், அதுவும் மணிவாரியாக, வெப்பநிலையையும் காற்றின் திசையையும் சேர்த்து. எத்தனை செ.மீ. என்பதைவிட எப்போது என்பதுதான் எனக்கு முக்கியம்: ராத்திரி விழும் 15 செ.மீ.யைப் பெரிய சாலைகளில் விடிவதற்குள் பெரும்பாலும் வழித்துவிடுவார்கள், வெள்ளி மாலை 401 நெடுஞ்சாலையில் விழும் 5 செ.மீ. உங்களை இரண்டு மணி நேரம் நிறுத்திவைக்கும். மைனஸ் 10-க்குக் கீழே போனால் பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பும் சோம்பேறியாகிவிடும். கிளம்புகிற அன்று அரை மணி நேரம் கூடுதலாக வையுங்கள், பனி வழிக்கும் வண்டி உங்கள் வாசலில் தள்ளிவிட்டுப் போகும் குவியலை வேறு யார் அள்ளுவது?