லோட்டஸ்: பெயர் பிழைக்கும், பட்டறை?

வணக்கம் ஐயா,

அவ்வப்போது வண்டிகளைப் பற்றியும் எழுதுகிறீர்கள் என்பதால் உங்களிடம் கேட்கிறேன். என்னிடம் 2008-இல் வாங்கிய, எங்கள் மலேசியக் கம்பெனி புரோட்டானின் சாட்ரியா நியோ கார் இருக்கிறது. பின்பக்கம் ‘ஹேண்ட்லிங் பை லோட்டஸ்’ என்று சின்னதாக ஒட்டியிருக்கும், வண்டி ஓடும் பக்குவத்தை அமைத்தது லோட்டஸ் என்று அர்த்தம். மகள் காடியை மாற்றச் சொல்கிறாள். கெந்திங் மலையில் ஏறி இறங்கும்போது வளைவுகளில் அது போகிற விதத்தைப் பார்த்தால் மாற்ற மனம் வரவில்லை.

இப்போது அந்த லோட்டஸ் என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனி பற்றி வருவதெல்லாம் கெட்ட செய்தி. ஆட்குறைப்பு, நஷ்டம், இங்கிலாந்தில் உள்ள ஹெத்தல் தொழிற்சாலையை மூடப் போகிறார்கள் என்ற பேச்சு. “சீனாக்காரன் கைக்குப் போனது, கதை முடிந்தது” என்கிறார்கள் நண்பர்கள். 2017-இல் அதைக் கைகழுவியது எங்கள் நாடுதானே என்ற உறுத்தல் எனக்கு. லோட்டஸ் பிழைக்குமா? பணக்காரர்களின் பொம்மைக்கு நாம் ஏன் வருத்தப்பட வேண்டும் என்று என் மனைவி கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

எஸ்., கிள்ளான்

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் மனைவி கேட்டதுதான் கடினமான கேள்வி. அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் நண்பர்களின் தீர்ப்பைப் பார்ப்போம்.

‘சீனாக்காரன் கெடுத்தான்’ என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. லோட்டஸை வாங்கிய அதே சீனாவின் ஜீலி நிறுவனம்தான் 2010-இல் ஃபோர்டிடமிருந்து வால்வோவை வாங்கியது. அப்போதும் இதே பேச்சு வந்தது. வால்வோ கோதன்பர்க்கிலேயே இருந்து, முன்பைவிட நன்றாகவே பிழைத்தது. லண்டன் கறுப்பு டாக்சி செய்யும் கம்பெனியையும் ஜீலிதான் எடுத்து நிறுத்தியது. முதலாளி எந்த ஊர்க்காரர் என்பது இங்கே பெரிய விஷயமில்லை.

லோட்டஸ் கார் விற்று நிம்மதியாகச் சாப்பிட்ட காலம் என்று ஒன்று அநேகமாக இருந்ததே இல்லை. காலின் சாப்மன் 1952-இல் கம்பெனியைத் தொடங்கினார், 1982 டிசம்பரில் 54 வயதில் மாரடைப்பில் இறந்தார். அப்போது லோட்டஸும் வேலை செய்த டிலோரியன் கார் திட்டத்தில் காணாமல்போன பணம் பற்றிய விசாரணை கம்பெனியை நெருங்கிக்கொண்டிருந்தது. பத்து வருஷம் கழித்து அவருடைய நிதி இயக்குநர் சிறைக்குப் போனார். சாப்மன் உயிரோடு இருந்திருந்தால் அவருக்குக் குறைந்தது பத்தாண்டு கிடைத்திருக்கும் என்று நீதிபதி அன்றைக்குச் சொன்னார். மேதைதான், ஆனால் கணக்குப் புத்தகத்தை அவர் கையில் கொடுக்கக்கூடாது.

அப்புறம் கை மாறிக்கொண்டே வந்தது. 1986-இல் ஜெனரல் மோட்டார்ஸ், 1993-இல் புகாட்டியை நடத்திக்கொண்டிருந்த இத்தாலியர் ரொமானோ ஆர்ட்டியோலி, 1996-இல் உங்கள் புரோட்டான், 2017-இல் ஜீலி. இடையில் அரிசிப் பானை காலியாகும்போதெல்லாம் வீட்டுச் சாமானை எடுத்து விற்றார்கள். செவன் என்ற சின்னக் காரின் உரிமை 1973-இல் கேட்டர்ஹாமுக்குப் போனது, அவர்கள் இன்னும் அதைச் செய்துகொண்டிருக்கிறார்கள். தொண்ணூறுகளில் எலான் காரின் உரிமையைக் கொரியாவின் கியா வாங்கியது.

இத்தனைக்கும் நடுவில் அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டது பிறருக்குச் செய்துகொடுத்த பொறியியல் வேலை. ஜெனரல் மோட்டார்ஸின் கொர்வெட் இசட்ஆர்-1 காரின் எஞ்சினை வடிவமைத்தது லோட்டஸ். டெஸ்லாவின் முதல் கார் ரோட்ஸ்டர், ஹெத்தலில்தான் உருவாகி, பாட்டரியும் மோட்டாரும் இல்லாமல் கலிபோர்னியாவுக்குக் கப்பல் ஏறியது. அதன் அடிப்படை லோட்டஸின் சின்ன ஸ்போர்ட்ஸ் காரான எலிஸ். உங்கள் சாட்ரியா நியோவும் இதே வரிசையில் வருகிறது. ஆகவே மின்சாரமும் லோட்டஸுக்கு எதிரி இல்லை. இன்றைக்கு உலகத்தில் ஓடும் மின்கார் மோகத்துக்கே அந்தப் பட்டறை ஒரு விதத்தில் மருத்துவச்சி.

பட்டறை என்று தெரிந்துதான் சொல்கிறேன். ஹெத்தல் இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில், நாரிச் நகருக்குப் பக்கத்தில் உள்ள சிற்றூர். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் கிளம்பிய ஓடுதளம் அங்கே இருந்தது. 1966-இல் லோட்டஸ் அங்கே குடியேறி, அந்த ஓடுதளத்தையே சோதனைப் பாதையாக்கிக்கொண்டது.

எலிஸைப் பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் நண்பர் ஒருவரின் பழைய எலிஸில் ஒருமுறை உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. கதவைத் திறந்தால் முழங்கால் உயரத்துக்கு அகலமான அலுமினியத் திண்ணை. அதைத் தாண்டி ஒரு காலை உள்ளே விட்டு, மேல்விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கிணற்றுக்குள் இறங்குவதுபோல் இறங்க வேண்டும். உள்ளே தரைவிரிப்பு கிடையாது, வெறும் அலுமினியம். கண்ணாடியைக் கையால் சுற்றித்தான் இறக்க வேண்டும். பவர் ஸ்டீயரிங் இல்லை, தேவைப்படவும் இல்லை.

அதன் சட்டகம் எப்படிச் செய்தது தெரியுமா? ஜன்னல் சட்டத்துக்கு அலுமினியத்தை அச்சில் பிதுக்கி நீள நீளமாக எடுப்பார்களே, அதே முறைதான். அந்தத் துண்டுகளை வெல்டிங் வைக்காமல் எபாக்சிப் பசையால் ஒட்டி, சூளையில் வைத்து இறுக்கினார்கள். வெல்டிங் வைத்தால் சூட்டில் அலுமினியம் பலவீனமாகும், அதைத் தாங்க இன்னும் தடிமன் தேவைப்படும். பசை என்றால் மெல்லிய தகடே போதும். மொத்தச் சட்டகமும் 68 கிலோ, ஒரு மனிதனின் எடை. 1996-இல் வந்த முதல் எலிஸ் முழு வண்டியாகவே சுமார் 725 கிலோதான். நம்மூர் மாருதி 800 கிட்டத்தட்ட 650 கிலோ என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எடை குறைந்தால் என்ன ஆகும்? சுருள்வில்லை இளக்கமாக வைக்கலாம். மேடு பள்ளத்தில் சக்கரம் தரையை விடாது. கனமான வண்டியில் வளைவில் சாயாமல் இருக்க வில்லை இறுக்க வேண்டும். இறுக்கினால் குழியில் இடுப்பு ஒடியும், சக்கரமும் துள்ளும். லோட்டஸ்காரர்களின் கைவேலை இதில்தான்: இளகிய வில்லைக் கொடுத்து, அதன் ஆட்டத்தை ஷாக் அப்சார்பரால் அடக்கி வைப்பது. ஹெத்தலைச் சுற்றியுள்ள மேடுபள்ளமான கிராமத்துச் சாலைகளில் ஓட்டி ஓட்டி, வால்வை மாற்றி மாற்றிப் பிடித்த பக்குவம் அது. மனிதரின் முதுகெலும்பிலும் உள்ளங்கையிலும் இருக்கிற அறிவு. சாட்ரியா நியோவில் நீங்கள் கெந்திங்கில் ரசிப்பது அதன் ஒரு துளி.

சரி, இப்போது கோளாறுக்கு வருவோம். லோட்டஸ் ஆண்டுக்கு 1,500 கார், நல்ல வருஷமானால் அதற்குக் கொஞ்சம் மேலே விற்றுவந்த கம்பெனி. 2024 பிப்ரவரியில் லோட்டஸ் டெக்னாலஜி என்ற அதன் மின்கார் நிறுவனம் நாஸ்டாக் என்ற அமெரிக்கப் பங்குச்சந்தையில் நுழைந்தது. நுழையும்போது முதலீட்டாளர்களிடம் சொன்ன கணக்கு, 2028-இல் ஆண்டுக்கு 1,50,000 கார். நூறு மடங்கு! இட்லிக்கடை நன்றாக ஓடுகிறதே என்று ஐந்து நட்சத்திர ஓட்டல் கட்டக் கடன் வாங்குகிற மாதிரி. அதற்காக வூஹானில் புதுத் தொழிற்சாலை எழுந்து, எலெட்ரே என்ற எஸ்யூவி வந்தது. எடை சுமார் இரண்டரை டன், முதல் எலிஸைப்போல் மூன்றரை மடங்கு. காற்று சஸ்பென்ஷன், பின்சக்கரமும் திரும்பும் ஏற்பாடு என்று அந்த எடையை மறைக்க எத்தனையோ வித்தைகள். கெட்ட வண்டி இல்லை. ஆனால் டெல்லியில் 2.55 கோடி ரூபாய்க்கு அறிமுகமான அந்த வண்டியை, வேறு பெயரில் வந்திருந்தால் யாரும் லோட்டஸ் என்று அடையாளம் கண்டிருக்க மாட்டார்கள்.

2024-இல் விற்றது 12,000 சொச்சம். நஷ்டம் நூறு கோடி டாலருக்கு மேல். நேரமும் கைகொடுக்கவில்லை. அந்த வருஷமே சீன மின்கார்களுக்கு அமெரிக்கா நூறு சதவீத வரி போட்டது. ஐரோப்பா ஜீலி குழுமக் கார்களுக்கு ஏற்கெனவே இருந்த பத்தோடு 18.8 சதவீதம் சேர்த்தது. மின்சாரம் மட்டும்தான் என்று சொன்னவர்கள் ஹைப்ரிட்டுக்குத் திரும்பினார்கள். 2025-இல் அடி நேராக ஹெத்தலில் விழுந்தது. அங்கே செய்யும் ஒரே பெட்ரோல் காரான எமிராவுக்கு அமெரிக்காதான் பெரிய சந்தை. டிரம்ப் வெளிநாட்டுக் கார்களுக்கு 25 சதவீத வரி போட்டதும் உற்பத்தியை நிறுத்தி வைத்தார்கள். ஜூனில் மூடல் வதந்தி, கம்பெனி மறுப்பு, அமைச்சர் பேச்சுவார்த்தை. ஆகஸ்டில் பிரிட்டனில் உள்ள சுமார் 1,300 ஊழியர்களில் 550 பேர்வரை குறைக்கப் போவதாக அறிவிப்பு.

இந்தப் பேராசைக்கும் சீனாவுக்கும் சம்பந்தமில்லை என்பதற்குச் சாட்சி உங்கள் புரோட்டான் காலத்திலேயே இருக்கிறது. 2010 பாரிஸ் கண்காட்சியில், ஃபெராரியிலிருந்து வந்த டானி பஹார் என்ற தலைவர், ஒரே மேடையில் ஐந்து புதுக் கார்களைக் காட்டினார். ஒன்றுகூடக் கடைக்கு வரவில்லை. 2012-இல் அவரை அனுப்பினார்கள். அதற்கடுத்து வந்த ழான்-மார்க் கேல்ஸ் ஆர்ப்பாட்டமில்லாமல் செலவைக் குறைத்து, இருக்கிற கார்களிலேயே கிலோ கிலோவாக எடையைச் செதுக்கினார். அவர் காலத்தில்தான் லாபம் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. ஆகவே உறுத்தல் வேண்டாம், எஸ். 21 வருஷம் சோறு போட்டது மலேசியாதான்.

பெயர் பிழைக்குமா என்று கேட்டால், பிழைக்கும். 2011-இல் நடந்த கூத்தை நினைத்துப் பாருங்கள். ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஒரே வருஷம் இரண்டு லோட்டஸ் ஓடின. ஒன்று ஏர் ஏஷியா டோனி பெர்னாண்டஸின் பச்சை வண்டி, இன்னொன்று லோட்டஸ் கம்பெனி பணம் கொடுத்த கறுப்பும் பொன்னும். பெயர் யாருக்கு என்று லண்டன் உயர் நீதிமன்றம்வரை வழக்கு. அந்த வருஷம் ஜெர்மன் பந்தயத்தில் பச்சை வண்டியை ஓட்டியவர் நம் சென்னைக்காரர் கருண் சந்தோக். இரண்டுமே ஹெத்தலில் செய்த வண்டி இல்லை. பெயர் அப்படித்தான், அதைக் கழற்றி எதன்மீது வேண்டுமானாலும் மாட்டலாம். நாளை வூஹானில் செய்த ஹைப்ரிட்டின் மூக்கிலும் சாப்மனின் முதலெழுத்துகள் பின்னிய அந்தச் சின்னம் இருக்கும்.

எனக்குச் சந்தேகம் பட்டறையைப் பற்றித்தான். வேலை இழக்கும் 550 பேரில் எத்தனை பேருடைய உள்ளங்கையில் அந்தப் பக்குவம் இருக்கிறதோ. ஒரு சஸ்பென்ஷன்காரர் வேறு கம்பெனிக்குப் போனால் அவரோடு இருபது வருஷச் சாலையும் போய்விடும். சின்னக் கார், குறைந்த எண்ணிக்கை, பிறருக்குச் செய்துதரும் வேலை என்று பழையபடி சுருங்கினால் ஹெத்தல் தாக்குப்பிடிக்கும் என்றே நினைக்கிறேன். ஆனால் நூறு கோடி டாலர் இழந்த முதலாளிக்குச் சுருங்குவதில் ஆர்வம் வருமா என்பது வேறு விஷயம்.

உங்கள் மனைவியிடம் இதைச் சொல்லுங்கள்: எலிஸ் பணக்காரர் பொம்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அதைச் செய்யக் கற்ற கைகள்தான் சம்பளக்காரர் கடன் வாங்கி எடுத்த புரோட்டானையும் தொட்டுச் சரிசெய்தன. அந்த வேலைக்கு நீங்கள் தனியாக ஒரு ரிங்கிட்கூடக் கொடுத்திருக்க மாட்டீர்கள்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். வண்டிக்குப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதே, ஷாக் அப்சார்பரை இதற்குள் மாற்றியிருப்பீர்களே? கம்பெனி சாமான் போடாமல் வேறு ஏதாவது போட்டிருந்தால், கெந்திங்கில் இத்தனை நாள் நீங்கள் ரசித்தது லோட்டஸை இல்லை, உங்கள் மெக்கானிக்கை.

அன்புடன்