நீராவி பிரேக்டவுன் கிரேன்: கேள்வி பதில்

ரயில்வே பிரேக்டவுன் கேங்கில் (தடம் புரண்ட வண்டிகளை மீட்கும் குழுவில்) கலாசியாக இருந்து ஓய்வு பெற்று, சேலம் சூரமங்கலத்தில் வசிப்பவர் பதில் சொல்கிறார்.

ஓமலூர் வாசகர்: ரயில் இன்ஜின்கள் டீசலுக்கு மாறிய பிறகும், தடம் புரண்ட பெட்டியைத் தூக்க நீராவிக் கிரேனை ஏன் வைத்திருந்தார்கள் ஐயா?

நிதானத்துக்காகத்தான். நீராவி எந்திரம் நின்ற நிலையிலேயே முழு விசையையும் கொடுக்கும். நீராவியை விடும் ரெகுலேட்டரை நூலளவு திறந்தால் கொக்கி நூலளவு ஏறும். சக்கரத்துக்குப் பக்கத்தில் ஆட்கள் நிற்கும்போது அந்த நூலளவுதான் அவர்களுக்குக் காவல். நம் நாட்டுக்கு வந்த பழைய கிரேன்கள் பல, இங்கிலாந்தில் கார்லைல் ஊரின் கவன்ஸ் ஷெல்டனும், இப்ஸ்விச் ஊரின் ரான்சம்ஸ் அண்ட் ரேப்பியரும் செய்தவை. கிரேனின் பாரத்தைப் பல அச்சுகளுக்குப் பங்கிட, கழற்றி மாட்டும் துணை போகிகளை (சக்கரங்கள் பூட்டிய சட்டங்களை) வடிவமைத்தவர் ரான்சம்ஸின் வில்ஃப்ரெட் ஸ்டோக்ஸ். முதல் உலகப் போரில் பேர்பெற்ற ஸ்டோக்ஸ் மோர்ட்டாரும் அவர் செய்ததுதான்.

ஏற்காடு கல்லூரி மாணவி: 100 டன் கிரேன் என்றால் எப்போதும் 100 டன் தூக்குமா?

இல்லை அம்மா. தண்ணீர்க் குடத்தை இடுப்போடு அணைத்துத் தூக்குவதற்கும், கையை நீட்டிப் பிடித்துத் தூக்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான். கிரேனின் கை நீள நீளத் தூக்கும் அளவு மளமளவென்று குறையும்.

டேனிஷ்பேட்டை வாசகர்: எங்கள் பக்கம் லோக்கூர் வரை மலையடிவாரப் பாதை, வளைவும் ஏற்றமும். அங்கே கிரேனை எப்படி நிறுத்துவார்கள்?

இதைக் கேட்டதற்கு நன்றி. வளைவில் வெளித் தண்டவாளம் உயர்ந்திருக்கும்; கிரேனும் உள்பக்கம் சாய்ந்தே நிற்கும். அதனால் முதலில் பக்கவாட்டுக் கைகளை வெளியே இழுத்து, அடியில் மர ஸ்லீப்பர்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குவோம். ஜல்லி அமுங்கினால் எடுத்துவிட்டு மறுபடி அடுக்க வேண்டும். ஆப்பை அடிக்கும்போது சத்தம் மாறும். 'தொப்' என்றால் அடியில் இன்னும் இடைவெளி, 'டங்' என்றால் இறுகிவிட்டது. தூக்குவது சில நிமிட வேலை. அடுக்குவதற்குத்தான் நேரம். அதில் அவசரப்படுத்துகிறவர்களை நான் கிட்டே விடமாட்டேன். மின்பாதை என்றால் மேல்கம்பியில் மின்சாரத்தை நிறுத்தியதை உறுதி செய்யாமல் கிரேனின் கையை உயர்த்தவே கூடாது.

பொம்மிடி வாசகர்: பெட்டியைத் தூக்கினால் சக்கரங்களும் கூடவே வருமா?

தானாக வராது. பெட்டி போகியின் மேல் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். சங்கிலியால் கட்டாமல் தூக்கினால் போகி தரையிலேயே கிடக்கும். அப்புறம் ஒன்று: ஒரு சக்கரம் மட்டும் இறங்கியிருந்தால் கிரேன் தேவையே இல்லை. ஹைட்ராலிக் ஜாக்கியால் தூக்கி நகர்த்தி ஏற்றிவிடலாம்.

சேலம் டவுன் வாசகர்: சைகை யார் காட்டுவார்?

ஒரே ஒருவர். ஆனால் 'நிறுத்து' என்று மட்டும் யார் கை காட்டினாலும் கிரேன் டிரைவர் நிறுத்துவார்.