மீட்டர் வைத்துப் பார்த்தீர்களா? – வாசகர் கேள்வி பதில்

ஹெட்போனையும் பாட்டுப் பெட்டியையும் பிரித்து மேய்பவர்களுக்கு எங்கள் குழுவின் பதில்கள்.

இயர்போன் ஜாக் பக்கம் ஒயர் அறுந்துவிட்டது. ரிச்சி தெருவில் புது ஜாக் வாங்கிப் பற்றவைத்தால் ஈயம் உருண்டு விழுகிறது, ஒட்டவே மாட்டேன் என்கிறது. ஈயம் மட்டமா?
– வாசகர், வில்லிவாக்கம்

ஈயத்தைத் திட்டாதீர்கள். உள்ளே இருக்கும் முடி போன்ற கம்பிகள் ஒவ்வொன்றின் மேலும் வார்னிஷ் பூச்சு உண்டு. சிவப்பு, பச்சை என்று தெரிவதே அந்தப் பூச்சுதான். செம்பு நிறக் கம்பியைப் பார்த்து வெறும் கம்பி என்று ஏமாறாதீர்கள். அதிலும் நிறமில்லாத பூச்சு இருக்கும். உப்புத்தாளில் தேய்த்தால் பாதிக் கம்பி அறுந்துபோகும். லைட்டரில் காட்டினால் கருகி, இரண்டே நாளில் ஒடியும்.

கூடவே வரும் நைலான் நூலை முதலில் வெட்டிவிடுங்கள். சால்டரிங் அயர்ன் 380 முதல் 400 டிகிரி சூட்டில் இருக்கட்டும். நுனியில் மிளகளவு ஈயத்தை உருக்கி, கம்பி முனை 3 மி.மீ. அதற்குள் மூழ்கும்படி 4, 5 நொடி பிடியுங்கள். புகை வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். பூச்சு கரியாக ஒதுங்கி முனை வெள்ளியாக மின்னினால் வேலை முடிந்தது.

பெரும்பாலும் சிவப்பு வலது, பச்சை அல்லது நீலம் இடது, செம்பு நிறம் பொது எர்த். ஆனால் நிறத்தை நம்பிப் பற்றவைக்காதீர்கள். மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்துத் தொட்டால் 16, 32 என்று ஏதாவது காட்டும். கூடவே எந்தக் காதில் 'டிக்' கேட்கிறதோ அதுதான் அந்தப் பக்கத்து ஒயர். ஜாக்கின் நுனி இடது, அடுத்த வளையம் வலது. மைக் உள்ள ஜாக்கில், இன்றைய போன்களின் வழக்கப்படி மூன்றாவது எர்த், கடைசி மைக். இந்த இரண்டையும் மாற்றிவிட்டால் பாடகர் குரல் மறைந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இசை மட்டும் கேட்கும். மைக் பட்டனை அமுக்கிப் பிடித்தால் குரல் திரும்பி வரும். தப்பைக் கண்டுபிடிக்க இதைவிடச் சுலபமான சோதனை கிடையாது.

ஜாக் மூடியை ஒயரில் கோத்துவிட்டுத்தானே பற்றவைத்தீர்கள்? எல்லோரும் மறப்பது அதைத்தான்.

9 வோல்ட் பேட்டரியில் ஓடும் சிமாய் என்ற குட்டி ஹெட்போன் ஆம்ப் கட்டினேன். அதற்கான ஓபிஏ2134 ஐசி கிடைக்காமல் என்இ5532 போட்டேன். ஹெட்போன் செருகினால் 'டப்' என்கிறது, பாட்டும் கரகரக்கிறது. ஐசி போலியா?
– வாசகர், தாம்பரம்

ஐசி அசலாகவே இருக்கலாம். ஓபிஏ2134-இன் உள்ளீடு எஃப்இடி வகை, கிட்டத்தட்ட கரண்டே இழுக்காது. 5532 சுமார் 200 நானோ ஆம்பியர் இழுக்கும். சிமாய் சர்க்யூட்டில் உள்ளீட்டிலிருந்து எர்த்துக்கு 100 கே (கிலோ ஓம்) ரெசிஸ்டர் இருக்கிறது அல்லவா? அதன் வழியே இந்தக் கரண்ட் ஓடினால் 20 மில்லிவோல்ட். உங்கள் ஆம்ப் பெருக்கும் மடங்கு, அதாவது கெயின், 11 (10 கே, 1 கே ரெசிஸ்டர்கள்) என்றால் வெளியே 220 மில்லிவோல்ட் டிசி (ஒரே திசை மின்சாரம்) நிற்கும்; 'டப்' அதனால்தான். 32 ஓம் ஹெட்போனில் அது கிட்டத்தட்ட 7 மில்லி ஆம்பியர். பேட்டரியை இரண்டாகப் பிரிக்கும் 4.7 கே ரெசிஸ்டர்களால் அதைத் தாங்க முடியாது, நடுப்புள்ளி ஒரு பக்கம் சாய்ந்துவிடும். ஹெட்போன் செருகாதபோது 4.5, 4.5 என்று காட்டும் மீட்டர், செருகியதும் ஏற்றத்தாழ்வாகக் காட்டினால் சந்தேகமே வேண்டாம், இதுதான் கோளாறு.

100 கே-யை 10 கே ஆக்குங்கள். அதை மட்டும் மாற்றினால் பேஸ் (தாழ்ந்த ஒலி) போய்விடும்; உள்ளீட்டு கெபாசிட்டரையும் 0.1-லிருந்து 1 மைக்ரோஃபாரட் ஆக்க வேண்டும். அப்போது ஒலியின் கீழ் எல்லை பழையபடி 16 ஹெர்ட்ஸிலேயே நிற்கும். 10 கே ஃபீட்பேக் ரெசிஸ்டருக்குப் பதில் 2.2 கே போட்டால் கெயின் 3.2 ஆகும். இயர்போனுக்கு அதுவே தாராளம், 'உஸ்' இரைச்சலும் குறையும். ஐசியையே மாற்றுவதாக இருந்தால் ஜேஆர்சி4556 கேளுங்கள். குறைந்த ஓம் ஹெட்போனுக்கு வேண்டிய கரண்டைத் தரும். கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று 4558-ஐ நீட்டுவார். ஒன்றல்ல.

சரிசெய்த பின் ஹெட்போன் இல்லாமல் வெளியீட்டில் டிசி அளந்து பாருங்கள். 20 மில்லிவோல்ட்டுக்கு மேல் இருந்தால் நல்ல ஹெட்போனைச் செருகாதீர்கள்.

2008-இல் வாங்கிய 120 ஜிபி ஐபாட் கிளாசிக்கில் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு 256 ஜிபி மெமரி கார்டு போட்டேன். பாதிதான் தெரிகிறது.
– வாசகி, பெரம்பூர்

அந்த மாடலின் மென்பொருள் 28 பிட் முகவரிதான் (சேமிப்பிடத்தைக் குறிக்கும் எண்) படிக்கும், 128 ஜிபியைத் தாண்டாது. கார்டில் குறையில்லை. அதை வேறு வேலைக்கு வைத்துக்கொண்டு 128 ஜிபி கார்டு போடுங்கள். திறந்திருக்கும்போதே பேட்டரி உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். உப்பியிருந்தால் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதீர்கள், குத்துப்பட்டால் தீப்பிடிக்கும்.

குஷன் உரிந்து காதெல்லாம் கறுப்புத் தூள். வெல்வெட் குஷன் மாற்றினேன், பேஸ் காணோம்!
– வாசகர், திருவான்மியூர்

உரிவது பாலியூரித்தேன் பூச்சு. ஈரம் பட்டுப் பட்டு அது சிதையும், கடற்கரைக் காற்றில் இன்னும் சீக்கிரம். வெல்வெட் உரியாது, ஆனால் காற்று அதன் வழியே கசியும். மூடிய ஹெட்போனில் பேஸ் நிற்பதே காற்று அடைபடுவதால்தான். அதே உள்விட்டம், அதே உயரம் உள்ள தோல் குஷன் வாங்குங்கள். வியர்வைக்கு வெல்வெட்டே வேண்டும் என்றால், குஷனின் உள்சுவரைச் சுற்றி மருந்துக்கடை மைக்ரோபோர் டேப்பை ஒரு சுற்று ஒட்டிக் கேட்டுப் பாருங்கள். போதவில்லையென்றால் இன்னொரு சுற்று. பிடிக்காவிட்டால் உரித்துப் போடுங்கள், பசை ஒட்டாது.