தண்ணீர் ஏறுமுன் முயலைக் கூடையில் ஏற்ற

கேள்வி: சுங்கை பினாங்கு பக்கம் தரைவீட்டில் இருக்கிறோம். பிள்ளைகளுக்காக நான்கு முயல் வளர்க்கிறோம், இரண்டு ஆண், இரண்டு பெட்டை. ஒரு பெட்டை குட்டி போட்டு எட்டு நாள்தான் ஆகிறது. போன மழைக்குத் தண்ணீர் வாசல்படி வரை வந்தது; முயல்களைப் பிடிக்கவே அரை மணி நேரம் ஓடிவிட்டது. வீட்டைக் காலி செய்யச் சொன்னால் என்ன செய்வது, ஐயா?

பதில்: முயல் மேல் தப்பில்லை அம்மா. மழையன்றுதான் கூடையை எடுத்தால் அது ஓடத்தான் செய்யும். கூடையை இன்றைக்கே கூண்டுக்குப் பக்கத்தில் திறந்து வையுங்கள். சாயங்காலத் தீனியை அதற்குள்தான் போட வேண்டும். சில வாரத்தில் கூடையைக் கண்டாலே தானாக ஏறும்.

நான்குக்கு நான்கு கூடை. பயத்தில் ஆண்கள் இரண்டும் கடித்துக் குதறிக்கொள்ளும். குட்டி போட்ட பெட்டையோடு ஆணை விட்டால் உடனே மறுபடி சினையாகிவிடும். பிராணிகளைத் தூக்கிச் செல்லும் கேரியர் விலை கட்டுப்படியாகாவிட்டால், பாசார் மாலம் என்ற இரவுச் சந்தையில் கிடைக்கும் துளை போட்ட சலவைக் கூடை இரண்டை வாயோடு வாய் கவிழ்த்துக் கட்டுங்கள். சில மணி நேரத்துக்குத் தாங்கும்.

காதைப் பிடித்துத் தூக்கவே கூடாது. ஒரு கை நெஞ்சுக்கு அடியில், மறு கை பின்புறத்துக்கு அடியில். பின்னங்கால் தொங்கினால் உதைக்கும். அந்த உதையிலேயே முதுகெலும்பு முறிந்துபோகும்.

குட்டிகளை ஒவ்வொன்றாக எடுக்காதீர்கள். தாய் பிடுங்கிப் போட்ட ரோமத்தோடு, குட்டிகள் கிடக்கும் பெட்டியை அப்படியே தூக்குங்கள். தாய் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு தடவைதான், அதுவும் சில நிமிடம்தான் பாலூட்டும். அதனால் பயணத்தில் தாயைத் தனிக் கூடையில் வைத்து, போய்ச் சேர்ந்ததும் பெட்டியோடு விடுங்கள்.

கையோடு எடுத்துப்போகும் மூட்டைக்குள் ஐந்து நாளுக்கான உலர்புல், பழகிய பெல்லட் தீனி, தண்ணீர் புட்டி, பழைய துண்டு. வெள்ளம் வடிந்த இடத்தில் அறுத்த புல்லை மட்டும் போடாதீர்கள். எலிச் சிறுநீரும் சாக்கடையும் கலந்த தண்ணீரில் ஊறியது அது.

நம் ஊரில் தண்ணீரைவிட வெயில்தான் முயலுக்கு எமன். மூடிய காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். உறைய வைத்த தண்ணீர் போத்தலைத் துணியில் சுற்றிக் கூடையில் போட்டால் அதன்மேல் சாய்ந்து படுக்கும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் ஈரத்துணியால் காதைத் துடைத்துக்கொண்டே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்குவது வேண்டாம்.

நிவாரண மையத்தில் பெரும்பாலும் பிராணிகளைச் சேர்ப்பதில்லை. 2017 நவம்பர் 4 இரவு பெய்த மழையில் விடிவதற்குள் பினாங்கு ஜார்ஜ்டவுனில் எத்தனையோ வீடுகளுக்குள் தண்ணீர். அந்த நேரத்தில் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? அடுக்குமாடியில் இருக்கும் சொந்தக்காரரிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

போய்ச் சேர்ந்த பிறகு புழுக்கை விழும் தட்டைக் கவனியுங்கள். புழுக்கை உருண்டையாக, கடலைப் பருப்பளவு விழுந்தால் கவலையில்லை. மிளகளவு சிறுத்தாலோ, விழவே இல்லையென்றாலோ குடல் நின்றுபோகிறது என்று அர்த்தம். பன்னிரண்டு மணி நேரம் எதுவும் தின்னாத முயலை ‘நாளைக்குப் பார்ப்போம்’ என்று தள்ளாதீர்கள். அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.