லாப்ஸ்டர் ரோல்: நல்ல கடையை அறிவதும் வீட்டில் செய்வதும்

கேள்வி: பாஸ்டனில் வசிக்கிறோம். ஆகஸ்டு மாதம் மெய்ன் மாநிலக் கடற்கரைக்குச் செல்ல இருக்கிறோம். பெரிய கொடுக்குகளுள்ள லாப்ஸ்டர் என்னும் கடலுயிரியின் இறைச்சியைப் பன்னில் வைத்துத் தருவதுதான் லாப்ஸ்டர் ரோல்; இதுவரை சாப்பிட்டவற்றில் மயோனைஸின் சுவையே மேலோங்கி இருந்தது. நல்ல கடையை எப்படி இனம் காண்பது? வீட்டிலும் செய்ய முடியுமா?

பதில்: முதலில், மயோனைஸ் பிடிக்காதவர்களுக்கென்றே இன்னொரு வகை இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். மெய்னில் பரவலாகக் கிடைப்பது, ஆறிய இறைச்சியை மயோனைஸில் பிசிறிப் பன்னில் வைத்துத் தருவது. கனெடிகட் மாநிலத்து வழக்கமோ, சூடான இறைச்சியில் உருக்கிய வெண்ணெய் மட்டும் சேர்ப்பது. மெய்னிலேயே விஸ்காசெட் ஊரின் ‘ரெட்ஸ் ஈட்ஸ்’ கடையில் இறைச்சியை எதுவும் கலக்காமல் பன்னில் வைத்து, வெண்ணெயையோ மயோனைஸையோ தனியாகத் தருகிறார்கள். வரிசை நீளமாகத்தான் இருக்கும், ஆனாலும் உங்கள் குறைக்கு அது நேரடியான தீர்வு.

மற்ற கடைகளில், இறைச்சி அங்கேயே வேகவைத்து உரிக்கப்பட்டதா, உறைய வைத்து வந்ததா என்று தயங்காமல் கேளுங்கள். உறைந்த இறைச்சி கெட்டதன்று. ஆனால் அதன் இனிப்பு சற்று மங்கியிருக்கும், அந்தக் குறையை மறைக்கத்தான் பல இடங்களில் மயோனைஸும் செலரி என்னும் கீரைத் தண்டும் மிகுதியாகச் சேர்கின்றன. பன்னுக்குள் கொடுக்கின் சதை முழுதாகவோ பெரிய துண்டுகளாகவோ தெரிய வேண்டும். நம் ஊர்க் கடல்களில் பிடிபடும் சிங்கி இறாலுக்குப் பெரிய கொடுக்குகள் கிடையாது என்பதால் நாம் வால் சதையையே உயர்வாக எண்ணிப் பழகியிருக்கிறோம். ரோலுக்கு மிருதுவானவை கொடுக்கும், அதை உடலோடு இணைக்கும் கணுக்களின் சதையும்தான். பன்னும் முக்கியம்: மேற்புறம் பிளந்து, இரு பக்கங்களும் தட்டையாக இருக்கும் நியூ இங்கிலாந்து (அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதி) பன்னாக இருந்தால்தான் அந்தப் பக்கங்களை வெண்ணெயில் பொன்னிறமாக வாட்ட முடியும்.

வீட்டில் செய்வதானால், நீங்கள் போகும் ஆகஸ்டு நல்ல காலம். கோடையில் ஓடு கழற்றிய லாப்ஸ்டர்கள் புதிய, மெல்லிய ஓட்டோடு அப்போது வரும். சதை இனிப்பாக இருக்கும், ஓட்டைக் கையாலேயே உடைத்துவிடலாம். ஆனால் அதே எடையில் கெட்டி ஓட்டு லாப்ஸ்டரைவிடச் சதை குறைவு. ஒன்றேகால் பவுண்டு எடையுள்ள ஒன்றில் ஏறக்குறைய 110 கிராம் தேறும் என்பதால், ஒரு ரோலுக்கு ஒன்று என்று கணக்கிட்டு, கூடுதலாக ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். உயிரோடு வாங்கி அன்றே சமைக்க வேண்டும். இறந்த லாப்ஸ்டரின் சதை மிக விரைவில் கெடும். அதுவரை ஈரத்துணியால் மூடிக் குளிர்பெட்டியில் வைக்கலாம், உப்பில்லாத நல்ல தண்ணீரில் போட்டால் செத்துவிடும்.

கொதிக்கும் நீரில் முழுக்குவதைவிட ஆவியில் வேகவைப்பதையே நான் பரிந்துரைக்கிறேன், ஏனெனில் சதையில் நீர் ஏறுவதில்லை. அரைமணி நேரம் உறைபெட்டியில் வைத்து மரத்துப்போகச் செய்தபின், இரண்டு அங்குல உப்பு நீர் கொதிக்கும் பெரிய பாத்திரத்தில் அடுக்கி மூடுங்கள். ஒன்றேகால் பவுண்டுக்குப் பத்து முதல் பன்னிரண்டு நிமிடம் போதும், மெல்லிய ஓடென்றால் இரண்டு நிமிடம் முன்னதாகவே எடுக்கலாம். அதற்கு மேல் வெந்தால் சதை ரப்பராகிவிடும், பிறகு எதைச் சேர்த்தும் மீட்க முடியாது. உரிக்கும்போது வாலிலுள்ள குடலையும் உடலிலுள்ள பச்சை நிறப் பகுதியையும் நீக்கிவிடுங்கள். அந்தப் பச்சைப் பகுதியில் மாசுப்பொருள்கள் சேர்வதால் உண்ண வேண்டாம் என்று மெய்ன் மாநிலச் சுகாதாரத் துறையே அறிவுறுத்துகிறது.

மயோனைஸ் சேர்ப்பதாக இருந்தால் சதை நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும், சூட்டில் மயோனைஸ் எண்ணெயாகப் பிரிந்துவிடும். நான்கு ரோலுக்கு மூன்று மேசைக்கரண்டி, சில துளி எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு, இவ்வளவே போதும். மிளகாய்த்தூளோ மசாலாவோ வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து, அந்த மென்மையான இனிப்புக்குத்தான் இத்தனை செலவும் உழைப்பும். வெண்ணெய் ரோலுக்கு, சிறு தீயில் உருகிய வெண்ணெயில் சதையைப் புரட்டி, சூடேறியதும் இறக்கிவிடுங்கள், கொதிக்க விடக்கூடாது. பன்னைத் தோசைக்கல்லில் வெண்ணெய் தடவி இருபுறமும் வாட்டி, சூடு ஆறுமுன் சதையை நிரப்பி உடனே பரிமாறுங்கள். உரித்த ஓடுகளை முக்கால்மணி நேரம் கொதிக்கவைத்து வடிகட்டினால், மறுநாள் சூப்புக்கு நல்ல சாறு கிடைக்கும்.