ஜூனியருக்குக் கீழே கோச் வேலையா?

கேள்வி: பதினைந்து வருடம் கூடைப்பந்து ஆடினேன், ஃபார்வர்டு. மாநில அணிக்கும் ஆடியிருக்கிறேன், ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலையும் கிடைத்தது. போன வருடம் இரண்டாவது தடவை முழங்கால் போனதோடு ஆட்டம் முடிந்தது. இப்போது நான் படித்த கல்லூரியிலேயே, சாயங்காலப் பயிற்சிக்குத் துணைப் பயிற்சியாளராக வரச் சொல்கிறார்கள். அங்கே தலைமைப் பயிற்சியாளர், ஒரு காலத்தில் எனக்குத் தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொடுத்த ஜூனியர். போகலாமா? (பெயர் வேண்டாம்)

பதில்: போங்கள். கூச்சமாகத்தான் இருக்கும், அது ஒரு மாதத்தில் போய்விடும்.

அமெரிக்காவில் டேனி மேனிங் என்று ஒருவர், ஆறடி பத்தங்குல ஃபார்வர்டு. 1988 கல்லூரி இறுதிப்போட்டியில் ஓக்லஹோமாவுக்கு எதிராக 31 புள்ளி, 18 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்புகிற பந்தைப் பிடிப்பது) எடுத்து, அந்த சீசனில் பதினோரு ஆட்டம் தோற்றிருந்த கான்சஸ் பல்கலைக்கழக அணியைக் கிட்டத்தட்ட ஒற்றை ஆளாகச் சாம்பியனாக்கினார். அதே வருடம் என்.பி.ஏ. என்கிற அமெரிக்கத் தொழில்முறை லீக்கில், அணிகள் புது வீரர்களை எடுக்கும்போது முதல் ஆளாகத் தேர்வானார், முதல் சீசன் பாதிகூட முடியவில்லை, முழங்காலில் ஏ.சி.எல். என்கிற, மூட்டைப் பிடித்திருக்கும் நார் கிழிந்தது. மொத்தம் மூன்று முறை பெரிய அறுவை சிகிச்சை. அப்படியும் இரண்டு தடவை நட்சத்திர வீரர்களுக்கான ஆல்-ஸ்டார் ஆட்டம், 1998-இல் சிறந்த ஆறாவது வீரர் (மாற்று ஆளாக இறங்குபவர்) விருது என்று 2003 வரை இழுத்துப்பிடித்து ஆடினார்.

உங்களுக்கு வேண்டிய கதை அதற்கப்புறம்தான். கான்சஸுக்கே திரும்பிப் போனார், அவருடைய 25-ஆம் எண் பனியன் கௌரவமாகத் தொங்குகிற அதே அரங்கத்துக்கு, பயிற்சியாளராகக்கூட இல்லாமல், மாணவர்களைப் பார்த்துக்கொள்கிற நிர்வாகப் பொறுப்பில். தலைமைப் பயிற்சியாளர் பில் செல்ஃப், என்.பி.ஏ.வில் ஒரு ஆட்டம்கூட ஆடாதவர். மேனிங் அங்கே நட்சத்திரமாக ஆடிக்கொண்டிருந்த 1985-86 சீசனில் இதே செல்ஃப் கடைநிலை உதவியாளர்! மேனிங் சில வருடம் அப்படியே இருந்து, பிறகு துணைப் பயிற்சியாளராகி, உயரமான பையன்களுக்குக் கூடைக்கு அடியில் கால் வைக்கும் வித்தையைச் சொல்லிக்கொடுத்தார். 2008-இல் கான்சஸ் மறுபடி சாம்பியன், மேனிங்குக்குப் பிறகு அதுதான் முதல் முறை.

மீதியையும் மறைக்காமல் சொல்கிறேன். 2012-இல் டல்சா பல்கலைக்கழகத்தில் தலைமைப் பயிற்சியாளராகி இரண்டே வருடத்தில் பெயர் வாங்கினார், ஆனால் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் ஆறு சீசனில் 78 வெற்றி, 111 தோல்வி, 2020-இல் அனுப்பிவிட்டார்கள். தலைமை நாற்காலி என்றால் ஆள் சேர்க்க ஊர் ஊராக அலைய வேண்டும், பழைய மாணவர்களுக்கும் நிர்வாகத்துக்கும் பதில் சொல்ல வேண்டும், அது வேறு தொழில். என்னைக் கேட்டால் மேனிங்கின் கை செல்ஃபுக்குப் பக்கத்தில் இருந்தபோதுதான் நன்றாக ஓடியது. உங்கள் ஜூனியர் அந்தத் தலைவலியை எல்லாம் சுமந்துகொண்டு, பையன்களை மட்டும் உங்களிடம் விடுகிறார் என்றால் லாபம் யாருக்கு?

போவதற்கு முன்னால் ஒன்று செய்து பாருங்கள். வலது கை லே-அப்புக்கு (ஓடிவந்து கூடைக்குப் பக்கத்தில் எகிறிப் பந்தைப் போடுவது) எந்தக் கால் முதலில் என்று உங்களையே கேளுங்கள். வலது, இடது, எகிறு. உட்கார்ந்த இடத்தில் சட்டென்று வாயில் வராது, எழுந்து இரண்டடி வைத்துப் பார்த்துத்தான் சொல்வீர்கள், பதினைந்து வருடமாகக் காலுக்குத் தெரிந்தது இன்னும் வாய்க்கு வரவில்லை. அதற்கே உங்களுக்கு ஒரு வருடம் ஆகும். அந்த ஒரு வருடம் துணையாக இருப்பது எவ்வளவோ மேல்.

அப்புறம், பையன்கள் முன்னால் ஜூனியரை 'டேய்' என்று கூப்பிடாதீர்கள். பயிற்சி முடிந்து டீக்கடைக்குப் போனதும் எப்படி வேண்டுமானாலும் கூப்பிட்டுக்கொள்ளலாம்.