அப்பெண்டிக்ஸ் இல்லை, மகளே

கேள்வி: வயது 27. மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுச் செக்‌ஷனில் சேல்ஸ் கேர்ளாக இருக்கிறேன். கல்யாணமாகி இரண்டு வருடம். ஏழாவது வாரத்தில், கரு இடது கருக்குழாயில் தங்கிவிட்டது என்று லேப்ராஸ்கோப்பி செய்தார்கள். குழாயை எடுக்கவில்லை, கீறிக் கருவை மட்டும் எடுத்தோம் என்றார் டாக்டர். இன்றோடு 17 நாள். வாராவாரம் ரத்தப் பரிசோதனை பார்க்கச் சொன்னார்கள். ஒரு தடவை பார்த்தேன். மாமியாரிடமும் கடையிலும் அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் என்று சொல்லி வைத்திருக்கிறோம். ஆடித் தள்ளுபடி தொடங்குவதால் திங்கட்கிழமை வந்துவிடு என்கிறார் மேனேஜர். வீட்டில் மோட்டார் ஓடாத அன்று கீழிருந்து இரண்டு குடம் தண்ணீர் தூக்கினேன், அதிலிருந்து தலை சுற்றுகிறது. ஆஸ்பத்திரியில் ஹீமோகுளோபின் 8.4 என்றார்கள். காரணமில்லாமல் அழுகை வருகிறது. எப்போது வேலைக்குப் போகலாம்? மறுபடி குழந்தை தங்குமா?
— பெயர் வேண்டாம், மதுரை

பதில்: மகளே, உன் இரண்டு கேள்விக்கும் பதில் வரும். அதற்கு முன்னால், போகிற போக்கில் நீ எழுதிவிட்டுப் போன ஒரு வரிக்கு வருகிறேன். "அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் என்று சொல்லி வைத்திருக்கிறோம்." இந்தப் பொய்யைச் சுமந்துகொண்டு வரும் கடிதங்கள் எனக்குப் புதிதில்லை. சொல்லக் கூசி ஒரு நாள் சொன்னது, பிறகு திரும்பப் பெற முடியாமல் நின்றுவிடுகிறது. வயிற்றில் தொப்புளிலும் பக்கத்திலுமாக மூன்று சின்னத் துளை. அப்பெண்டிக்ஸுக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும். யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் உன் உடம்புக்கு வேறுபாடு தெரியும்.

அப்பெண்டிக்ஸை எடுத்தால் அது போயிற்று. உனக்குக் குழாயை விட்டுவைத்திருக்கிறார்கள். குழாயைக் கீறிக் கருவை எடுக்கும்போது அதன் திசு கொஞ்சம் உள்ளே ஒட்டிக்கொண்டு தங்கிவிடலாம். தங்கினால் அது வளரலாம், சில வாரம் கழித்தும் குழாயைக் கிழித்து உள்ளே ரத்தம் கொட்டலாம். அதைப் பிடிப்பதற்குத்தான் கர்ப்ப ஹார்மோனை அளக்கும் பீட்டா எச்.சி.ஜி. என்ற அந்த ரத்தப் பரிசோதனை. எண் ஐந்துக்குக் கீழே இறங்கும்வரை வாரம் ஒரு தடவை பார்க்க வேண்டும். ஒரு தடவை பார்த்துவிட்டு விட்டிருக்கிறாய். ஏன் விட்டாய் என்று நீ எழுதவில்லை, எனக்குப் புரிகிறது. அப்பெண்டிக்ஸ் முடிந்தவளுக்கு வாராவாரம் என்ன டெஸ்ட் என்று மாமியார் கேட்பார். அதற்கு அஞ்சி உயிரோடு விளையாடியிருக்கிறாய்.

நாளைக் காலை போ. வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை. ரத்தம் எடுக்கப் பத்து நிமிடம்கூட ஆகாது. முதல் தடவை கொடுத்த அதே லேபில் கொடு. லேபுக்கு லேப் எண் கொஞ்சம் மாறும், ஒப்பிட முடியாமல் போகும். கூடவே ஹீமோகுளோபினும் பார்த்துவிடு. இரண்டு எண்ணையும் தேதியோடு ஒரு தாளில் எழுதி வை. பீட்டா எண் போன தடவையைவிடக் கூடியிருந்தாலும், அங்கேயே நின்றிருந்தாலும், அன்றைக்கே ஆபரேஷன் செய்த டாக்டரிடம் காட்ட வேண்டும். மிச்சத் திசுவை அழிக்கும் மெத்தோட்ரெக்ஸேட் ஊசி போடுவார்கள், அல்லது மறுபடி உள்ளே பார்ப்பார்கள். அந்த ஊசி போட்டால் ஃபோலிக் மாத்திரையை நிறுத்த வேண்டும், குறைந்தது மூன்று மாதம் கரு தங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதையும் டாக்டர் வாயால் கேட்டு எழுதிக்கொண்டு வா.

ஒரு பக்கமாகக் கடுமையான வலி, தோள்பட்டை நுனியில் குத்தல், கண் இருட்டி விழுவது, மணிக்கு ஒரு நாப்கின் நனைவது, 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், இவற்றில் எது வந்தாலும் காலைவரை காத்திருக்காதே, 108ஐக் கூப்பிடு. ஆபரேஷன் முடிந்த முதல் இரண்டு மூன்று நாளில் வந்த தோள்வலி வயிற்றில் அடைத்த வாயுவால் வந்தது. இப்போது புதிதாக வந்தால் அது உள்ளே கசியும் ரத்தமாக இருக்கலாம். கடைத் தளத்தில் நீ சுருண்டு விழுகிறாய் என்று வை. உன்னோடு நிற்கும் பெண் ஆம்புலன்ஸ்காரரிடம் என்ன சொல்வாள்? "அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் ஆனவ சார்." டாக்டர் தையலைப் பார்ப்பார், குடலைப் பார்ப்பார். குழாயைப் பற்றி நினைக்க அவருக்கு யார் சொன்னது? அந்த நேரத்தில் ஒவ்வொரு நிமிடமும் ரத்தம் போய்க்கொண்டிருக்கும்.

அந்தக் குடத்துக்கு வருகிறேன். பிளாஸ்டிக் குடம் நிறைத்தால் பதினைந்து கிலோ இருக்கும். இரண்டு குடம், மாடிப்படி, மூன்றாவது வாரம். இதைப் படித்தபோது உன் மாமியார் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அப்பெண்டிக்ஸ் முடிந்து பத்தாம் நாளே மாவாட்டிய பெண்களை அவர் பார்த்திருப்பார். கரு போன பெண்ணைப் பிள்ளை பெற்றவளைப் போல உட்கார வைத்துச் சோறு போடுகிற வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. அந்தக் கவனிப்பைக் கொடுக்க வேண்டிய மாமியாரிடமிருந்து விஷயத்தையே மறைத்துவிட்டு, கவனிக்கவில்லையே என்று யாரை நோவது? உன் கணவரைத்தான் நான் கேட்பேன். தன் தாயிடம் இதைச் சொல்வது அவர் கடமை. உன்னைச் சொல்ல விடக்கூடாது. இன்றிரவு அவர் தாயின் எதிரே உட்கார்ந்து, "அம்மா, அது அப்பெண்டிக்ஸ் இல்லை, கரு குழாயில் தங்கிடுச்சு, உயிருக்கே ஆபத்தாயிடுச்சு, இவளால இன்னும் பாரம் தூக்க முடியாது" என்று சொல்லட்டும். இது நீ செய்த குற்றத்தால் வந்ததில்லை என்பதையும் அவர்தான் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரே அடுப்பில் பொங்கிச் சாப்பிடுகிறவர்களுக்குள் ஒரு பெண்ணின் ரத்தப்போக்கு ரகசியமாக இருப்பதை என்னால் ஏற்க முடியாது. இதில் நீயும் உடன்பட்டிருக்கிறாய், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஊருக்கெல்லாம் சொல் என்று சொல்லவில்லை. மாமியார், மேனேஜர், கடையில் உன் பக்கத்தில் நிற்கும் ஒரு பெண். மூன்று பேர் போதும். கேட்கிற மற்றவர்களிடம் "வயிற்றில் ஆபரேஷன்" என்று சொல், அதில் பொய் இல்லை.

மேனேஜரிடம் ஏன் சொல்ல வேண்டும் என்றால், இந்தப் பொய் உன் சம்பளத்தையும் தின்கிறது. உன் சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுப் பிடித்தம் இருக்கிறதா பார். மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவர்களிடம் 0.75 சதவீதம் பிடிப்பார்கள். அப்பெண்டிக்ஸ் என்றால் அது நோய் விடுப்பு, இ.எஸ்.ஐ. நூற்றுக்கு எழுபது தரும். கரு கலைந்ததற்கு ஆறு வாரம் முழுச் சம்பளம் உண்டு. கர்ப்பத்தால் வந்த உடல்நலக்குறைவு என்று சான்று இருந்தால் மேலும் ஒரு மாதம் வரை கேட்கலாம். ஒரு சிக்கலை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள். சட்டம் கருச்சிதைவை "கருப்பையில் உள்ளது வெளியேறுவது" என்று வரையறுக்கிறது. உன் கரு குழாயில் இருந்தது. மேசைக்குப் பின்னால் இருப்பவர் அந்த வார்த்தையைப் பிடித்து ஆறு வாரத்தை மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். கர்ப்பத்தால் வந்த நோய் என்ற பிரிவையும் சேர்த்து எழுதிக் கேள், மறுத்தால் அதை எழுத்தில் தரச் சொல். இதற்கெல்லாம் டிஸ்சார்ஜ் சம்மரியில் நோயின் பெயர், ஆபரேஷன் தேதி, இத்தனை வாரம் ஓய்வு என்ற வரி மூன்றும் இருக்க வேண்டும். ஓய்வு வரி விட்டுப்போயிருந்தால் திரும்பப் போய் எழுதி வாங்கி, இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் காட்டிச் சான்று பெறு. இ.எஸ்.ஐ. இல்லாத கடை என்றால், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 1961 மகப்பேறு நலச் சட்டம் தந்த அதே ஆறு வாரம் 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது.

எப்போது போகலாம்? உட்கார்ந்து செய்யும் வேலைக்கு லேப்ராஸ்கோப்பி ஆனவர்கள் இரண்டு மூன்று வாரத்தில் திரும்புகிறார்கள். உன் வேலை அது இல்லை. பட்டுப்புடவை ஒன்று முக்கால் கிலோ என்று வைத்தாலும் பத்துப் புடவைக் கட்டு ஏழரைக் கிலோ. ஒரு வாடிக்கையாளருக்கு முப்பது விரித்து முப்பது மடிக்க வேண்டும், மேல் தட்டுக்குக் கை தூக்க வேண்டும். ஆடித் தள்ளுபடியில் மூச்சு விட முடியாது. திங்கட்கிழமை போகாதே. ஆறு வாரம் முடி. அதற்குள் பீட்டா எண் இறங்கியிருக்க வேண்டும், ஹீமோகுளோபின் பத்தைத் தாண்டியிருக்க வேண்டும். இரும்பு மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு போடு. டீ, காபி, பால் எதுவும் முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் ஆகாது. மலம் கறுப்பாகப் போனால் பயந்து நிறுத்திவிடாதே, மாத்திரையால் அப்படித்தான் இருக்கும்.

போவதற்கு முந்தின வாரம் வீட்டில் சோதித்துப் பார். இரண்டு மணி நேரம் நின்று சமைத்துவிட்டு மாடி ஏறி இறங்கு. அன்று மாலை அடிவயிறு இழுத்தாலோ ரத்தம் கண்டாலோ இன்னும் ஒரு வாரம். கடைக்குப் போன முதல் வாரம் அரை நாள், பேக்கிங்கிலோ பில் கவுன்டரிலோ உட்காரும் வேலை கேள். உட்கார நாற்காலி கேட்பது சலுகை கேட்பதாகாது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021ல் 22-ஏ பிரிவைச் சேர்த்து, ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்று ஆக்கியாயிற்று. டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போக வேண்டாம். முதல் ஒரு மாதம் உன் கணவர் வண்டியில் கொண்டுவந்து விடட்டும், வேகத்தடையில் மெதுவாக.

அழுகைக்குக் காரணமில்லை என்று எழுதியிருக்கிறாய். காரணத்தைத்தான் அப்பெண்டிக்ஸ் ஆக்கிவிட்டீர்களே, எங்கே போய் அழுவாய்? திரும்பிப் போனதும் வளைகாப்புக்குப் புடவை எடுக்க வருவார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு நீதான் விரித்துக் காட்ட வேண்டியிருக்கும். சில மாதத்துக்கு ரெடிமேட் செக்‌ஷனுக்கோ ஆண்கள் பிரிவுக்கோ மாற்றித் தரச் சொல். காரணம் தெரிந்த மேனேஜரிடம்தான் இதைக் கேட்க முடியும். தூக்கமும் பசியும் ஒரு மாதம் தாண்டியும் திரும்பாவிட்டால் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குப் போன் செய், தமிழில் பேசுவார்கள், காசு இல்லை.

குழந்தை பற்றி: இந்த அனுபவத்துக்குப் பிறகு பத்தில் ஒருவருக்கு மறுபடி குழாயில் தங்குகிறது. அதனால் அடுத்த தடவை நாள் தள்ளிய உடனே டாக்டரிடம் போய், ஆறாவது வாரத்தில் உள்வழி ஸ்கேனில் கரு கருப்பைக்குள் இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். அன்றைக்கு ஸ்கேன் அறையில் "முன்னால் என்ன ஆபரேஷன்?" என்று கேட்பார்கள். பக்கத்தில் மாமியார் உட்கார்ந்திருப்பார். உன் கணவரை இன்றிரவே பேசச் சொல்.